செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை

சனிக்கிழமை விடியற்காலை 4:30. சிங்கப்பூர், யீஷூன் அடுக்குமாடி கார்பார்க், மூன்றாவது தளம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய் 20 கட்டு வாழையிலை ஏற்ற வேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு கல்யாணப் பந்தி அதை நம்பித்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் ஜோராக அடித்தது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை.

வண்டி வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய 10 வருட உரிமச் சான்றிதழ், சிஓஇ, முடிந்து, இன்னொரு 5 வருடத்துக்குப் புதுப்பித்த டீசல் பிக்கப் அது. நான் அதற்கு மூன்றாவது முதலாளி. வாங்கிய அன்றே மனைவி கேட்டாள்: "இந்தத் தாத்தாவ யாரு பாத்துக்குவா?"

மறுபடி அடித்தேன். மறுபடியும். கார்பார்க்கின் தாழ்ந்த கூரைக்குக் கீழே அந்தக் கிர்ர்ர் சத்தம் புளோக் முழுக்கக் கேட்டிருக்கும். ஆறாவது தடவைக்குள் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள்.

டாக்சி ஓட்டும் சீன அங்கிள், "பிளக் மாத்து" என்றார். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ஓகே லா. பிளக் மாத்து" என்றார். அடுத்து வந்தவர் பேட்டரி என்றார். பேட்டரி போயிருந்தால் செல்ஃப் இந்த வேகத்தில் சுற்றுமா? வேலைக்குக் கிளம்பிய ஒரு தம்பிக்குச் சாவிக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்பு சிப் மேல் சந்தேகம். அதில் ஞாயம் இருந்தது. ஆனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் மின்னவில்லை. டோ வண்டிக்காரரோ உயரத்தடுப்பைத் தாண்டி மேலே வர முடியாது என்று போனிலேயே முடித்துவிட்டார்.

எல்லாருக்கும் தலையாட்டினேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. முந்தின ராத்திரி, 60 வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, வீடியோ பார்த்து டீசல் ஃபில்டரை நானே மாற்றியிருந்தேன். மாற்றியதும் வண்டி ஒரு நிமிடம் ஓடவும் செய்தது. ஓடியதா இல்லையா? அப்புறம் என் மேல் என்ன தப்பு?

6 மணிக்கு மனைவி எதிர் புளோக் மாமாவைக் கூட்டி வந்தாள். பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விரலில் கோப்பிப் பை தொங்கியது. பானட் பக்கமே வராமல் வண்டியின் பின்னால் போய் நின்றார்.

"அடி தம்பி."

அடித்தேன்.

"புகையே இல்ல. வெள்ளையா வந்தா டீசல் போவுது, எரியலன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலன்னா டீசலே போவல."

அப்புறம்தான் பானட்டைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே எல்லாம் பத்து வருட எண்ணெய்ப் பிசுக்கு. ஃபில்டர் மட்டும் பளபளவென்று நின்றது.

"இவரு மட்டும் என்ன, புது மாப்பிள்ள மாதிரி இருக்காரு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையில் ஓடும் குழாயைப் பார்த்தேன்.

ஃபில்டருக்கு மேலே, டீசலை இழுத்து நிரப்பக் கைப்பம்பு ஒன்று உண்டு. மாமா கட்டைவிரலால் அமுக்கினார். அமுக்க அமுக்க இறுக வேண்டியது, புசுபுசுவென்றே இருந்தது. ஃபில்டரைக் கழற்றி, மேல் தட்டை நகத்தால் சுரண்டினார். தட்டையாகிப்போன கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று உரிந்து வந்தது. பழைய ஓ ரிங். அதை எடுக்காமல், அதன் மேலேயே புது வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறேன்.

"டீசல் வெளிய ஒழுகியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். இது டேங்க்லேருந்து உறிஞ்சுற பக்கம், காத்து உள்ள போவும். ராத்திரி பூரா டீசல் பின்னாலயே இறங்கிப் போயிருக்கு."

புது வளையத்தில் டீசல் தடவி, கையால் முறுக்கிவிட்டு, பம்பை என்னிடம் ஒப்படைத்தார். தண்டனைதான். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. பம்பு கல்லாக இறுகியபோது கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. சாவியைத் திருப்பினேன். இரண்டு இருமல், ஒரு புகை மண்டலம், பிடித்துக்கொண்டது.

பந்திக்கு இலை போய்ச் சேர்ந்தது. மாமா காசு வாங்கவில்லை, நாலு தலைவாழை இலை மட்டும் கேட்டார். அந்தப் பழைய வளையத்தை மனைவி கழுவி, என் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டாள்.

மறுநாள் லிஃப்டில் டாக்சி அங்கிள். "எப்படி, பிளக் மாத்தினியா?"

"மாத்திட்டேன் அங்கிள்" என்றேன். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.