ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் வந்த கோளாறு

சக்கரத்தில் விழும் விசையை அளக்கும் சென்சார் மாட்டிய காரோடு போன ஆனி மாதம் நாங்குநேரிப் பக்கம் நாலு நாள் சோதனை ஓட்டம் இருந்தது. அதில் ஒன்றரை நாளை வீணாக்கியது நான்தான்.

தகராறு இடது முன்சக்கரத்தில். நால்வழிச் சாலையில் நேராகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. வலது பக்கம் திருப்பினால் இடது சக்கரத்தில் பாரம் ஏற வேண்டும். திரையில் ஏறிக்கொண்டிருந்த அளவுக் கோடு பாதியில் நடுங்கிச் சரிந்தது. காலிப்ரேஷன், அதாவது சென்சாரின் அளவுத் திருத்தம், போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சரி, முதலிலிருந்து பார்ப்போம் என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். கையால் மெதுவாக நாலைந்து சுற்று சுற்றினால் டயர், ரிம்மின் எடை சுற்றுக்கு ஓர் அலையாக வரும். அதன் சராசரிதான் சுழி, அதாவது பாரமே இல்லாதபோது வரும் அளவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வண்டியே ஆடியது, ஆனாலும் சுழி சரியாகத்தான் வந்தது. அடுத்து ஷண்ட் சோதனை, அதாவது பாரம் ஏற்றாமலே ஏறியதுபோல் காட்டிப் பார்ப்பது: ஸ்ட்ரெயின் கேஜ் என்ற விசை உணரிகளைக் கோத்த நாலு கைச் சுற்றான 350 ஓம் பிரிட்ஜின் ஒரு கைக்கு இணையாக 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்ந்தால், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 0.87 மில்லிவோல்ட் வர வேண்டும். மூன்று முறையும் வந்தது. ஓட்டினால் பழையபடி அதே நடுக்கம்.

மறுநாள் டீக்கடையில் டிரைவர்தான் கேட்டார். "அண்ணாச்சி, ஸ்டியரிங்க ஒடிச்சாத்தான வருது? ஒடிச்சுப் பிடிச்சிக்கிட்டே பாருங்களேன்."

அவர் வலது பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்தார். ஷண்ட் 0.82. கேபிளை ஆட்டினால் 0.79. சுழி மட்டும் அசையவே இல்லை! எங்கள் கேபிள் நாலு கம்பிக் கேபிள். மின்சாரம் கொண்டுபோகும் கம்பி உள்ளே அறுந்தும் அறாமலும் இருந்தால் பிரிட்ஜுக்குப் போகும் வோல்ட் குறையும். பாரமே இல்லாதபோது வோல்ட் எவ்வளவு குறைந்தாலும் சுழி சுழிதான். பாரம் ஏறினால்தான் அளவு சுருங்கும். நான் சக்கரத்தை நேராக வைத்தே சோதித்துக்கொண்டிருந்தேன், கேபிள் இழுபடவே இல்லை.

இடது வலது கேபிள்களை மாற்றிப் போட்டதும் கோளாறு வலது சக்கரத்துக்குப் போய்விட்டது. சந்தேகம் தீர்ந்தது. ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியன் கம்பி உறையின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரோடு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். ஸ்ட்ரெயின் கேஜ் அதைத் தாங்காது. மல்டிமீட்டரே போதும்: கேபிளை ஆட்டும்போது 350 ஓம் 370, 385 என்று தாவியது.

பிளக்குக்குப் பின்னால் உறையைக் கீறினேன். மேலே கீறல்கூட இல்லை, உள்ளே இரண்டு மூன்று இழைதான் மிச்சம். சரியாக அந்த இடத்தில்தான் கேபிள் டையை இறுக்கிக் கட்டியிருந்தேன். பத்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்து, புதிதாகச் சால்டர் வைத்து, ஸ்டியரிங் முழுக்க ஒடியும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டினேன்.

கடைசியில் வண்டியை எடைமேடையில் ஏற்றி, நாலு சென்சாரின் கூட்டுத்தொகையை எடைச் சீட்டோடு ஒப்பிட்டேன். சீட்டைவிடக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் டயரும் ரிம்மும் சென்சாருக்கு வெளியே இருக்கின்றன. வந்த வித்தியாசம் நாலு சக்கரத்தின் எடையோடு ஒத்துப்போனது. மத்தியானமே மீதி ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டோம்.