விருப்பப்பட்டதைப் போடலாம்: மந்தைவெளி ஞாயிறு யோகா வகுப்புக் குறிப்புகள்

4 மே 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். காலை 6 மணிக்கே மொட்டை மாடித் தரையில் நேற்றைய சூடு மிச்சம் இருந்தது. ஆகவே வகுப்பு குடியிருப்பின் கூட்ட அறைக்கு இறங்கிவிட்டது. அறை 30க்கு 20 அடி. பாய் 6க்கு 2 அடிதானே என்று பார்த்தால் நாற்பது பேர் படுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் கையைப் பக்கவாட்டில் விரித்தால் அடுத்தவர் கண்ணாடி பறக்கும். ஒருவருக்கு 7க்கு 4 அடி வேண்டும். ஆசிரியருக்கும் வழிக்கும் விட்டது போக, 18 பேர்.

மொசைக் தரையில் ஜமக்காளம் வழுக்குகிறது. முன்காலை மடித்து பின்காலை நீட்டி நிற்கும் வீரபத்ராசனத்தில் பின்கால் மெல்லப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், தொடை இழுத்துக்கொள்ளும். நின்று செய்பவை எல்லாம் வெறும் தரையில் வெறும் காலோடு. படுத்துச் செய்பவை வரும்போதுதான் விரிப்பு. வியர்த்த உள்ளங்கைக்குப் புது ரப்பர் பாயும் வழுக்கும். கை வைக்கும் இடத்தில் சின்ன ஈரத்துண்டு போட்டால் பிடிக்கும்.

வகுப்பு இலவசம், விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதைப் போடலாம். இன்று வசூல் தட்டில். அது தப்பு. முதலில் விழுந்தது ஒரு 500 ரூபாய் நோட்டு. பிறகு தட்டு போன இடமெல்லாம் கை பர்ஸுக்குள் தயங்கியது. 20 ரூபாயை மடித்து உள்ளங்கைக்குள் வைத்திருந்தவர் அதைப் போடாமலே தட்டை நகர்த்தினார். அடுத்த வாரம் அவர் வராவிட்டால் காரணம் தட்டுதான்.

11 மே, ஞாயிறு

தட்டுக்குப் பதில் பெட்டி. பழைய பிஸ்கட் டின்னில் துளை போட்டோம். காசு விழுந்தால் 'டங்'. கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசன அமைதியில் அது கோயில் மணி மாதிரி கேட்கிறது; நோட்டுப் போடுகிறவர் சத்தமில்லாமல் போட, சில்லறை போடுகிறவர் மட்டும் மாட்டிக்கொள்கிறார். அடியில் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டதும் சத்தம் போயிற்று. கண்ணாடிப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

துளை 8 செ.மீ. நீளம். 500 ரூபாய் நோட்டின் அகலம் 6.6 செ.மீ. என்பதால் மடிக்காமலே இறங்கும். துளை சின்னதாக இருந்தால் நோட்டைத் திணித்துக்கொண்டு ஒருவர் நிற்க, பின்னால் வரிசை சேர்ந்துவிடும்.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். ஆசிரியர் பக்கத்தில் வைத்தால் குருதட்சிணை ஆகிவிடுகிறது. செருப்பு விடும் இடத்தில் ஒரு கையில் பாய், இன்னொரு கையில் செருப்பு. அறைக்குள்ளேயே, கதவுக்குப் பக்கவாட்டில், ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியாத மூலையில் வைத்தோம். வரும்போதும் போடலாம், போகும்போதும் போடலாம், போடாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது.

18 மே, ஞாயிறு

பணம் யாருக்கு? ஏற்கெனவே முடிவானது, பக்கத்து முதியோர் இல்லம். "ஒரு வேளை சாப்பாடு போட்டுடலாமே" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். போய்க் கேட்டதில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பல வாரங்களுக்கு முன்பதிவு. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் எல்லாம் அங்கேதான். ஒரே நாளில் இரண்டு வீட்டுப் பாயசம் வந்து சர்க்கரை ஏறியதும் உண்டு. யாரும் கொடுக்காதவை மின்கட்டணம், துவைக்கும் சோப்பு, டயப்பர்.

படுத்த படுக்கையாக 9 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டயப்பர். அதாவது நாளுக்கு 27, வாரத்துக்கு 189. மொத்த விலைக் கடையில் ஒன்று 28 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு வாரத் தேவைக்கு 5,292 ரூபாய். நம் வகுப்பின் ஒரு மாத வசூல் ஏறக்குறைய இந்த ஒரு வாரத்தைத்தான் தாங்கும். அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. 'முதியோருக்கு உதவி' என்று பெரிதாக எழுதுவதைவிட 'ஒரு டயப்பர் 28 ரூபாய்' என்று பெட்டி மேல் எழுதி ஒட்டியதும் "எவ்வளவு போடணும்?" என்ற கேள்வி நின்றது. 28 போடுகிறவரும் உண்டு, 280 போடுகிறவரும் உண்டு.

செலவையும் மறைக்கக் கூடாது. அறைக்கு மின்சாரம், துப்புரவு சேர்த்து 500. ஆசிரியருக்கு ஆட்டோ 200. செலவுக்குத் தனிப்பெட்டி வைத்துப் பார்த்தோம், அதில் 30 ரூபாய் விழுந்தது. ஆட்டோ மீட்டருக்கு யார்தான் தர்மம் செய்வார்கள்! இப்போது வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு வரி: "முதல் 700 அறைக்கும் ஆட்டோவுக்கும். அதற்கு மேல் வருவது முழுக்க இல்லத்துக்கு." யாரும் முகம் சுளிக்கவில்லை. முழுப்பணமும் இல்லத்துக்குப் போகிறது என்று நம்பவைத்துவிட்டுப் பிறகு கழித்திருந்தால் சுளித்திருப்பார்கள், நியாயமாக.

1 ஜூன், ஞாயிறு

புதிதாக ஐந்து பேர். பாய் விரிக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு: ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் அழுத்தம், குடலிறக்கம், முழங்கால் அல்லது முதுகு, சமீபத்தில் அறுவை சிகிச்சை. டிக் அடித்தால் போதும், விவரத்தை ஆசிரியர் தனியாகக் கேட்பார். இலவச வகுப்புதானே என்று இதை விட்டுவிடுவது பெரிய தப்பு. கட்டண வகுப்புக்கு வரும் அதே முழங்கால்தான் இங்கேயும் வருகிறது.

'வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று போட்ட அறிவிப்பால் இன்று ஒரு தொல்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு எதுவும் சாப்பிடாமல் வந்த ஒரு அம்மாவுக்கு இருபதாவது நிமிடத்தில் கை நடுக்கம், குளிர் வியர்வை. உட்கார வைத்து, தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுத்தபின் கால் மணியில் தெளிந்தார். அறிவிப்பை மாற்றியாகிவிட்டது: 'முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் 3 மணி நேர இடைவெளி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டாம். என்ன சாப்பிட்டு வரலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.' சர்க்கரை டப்பா இனி பெட்டிக்குப் பக்கத்திலேயே.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மூச்சை அடக்குவது இல்லை. நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனத்தில் முட்டியை மடித்து, கையை நாற்காலி இருக்கையில் ஊன்றி, தலை இடுப்புக்குக் கீழே போகாமல் நிற்கலாம். நிமிர்வது மெதுவாக, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே. குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் முழங்கால் வலித்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் சுருட்டிய துண்டு. கணுக்கால் வலித்தால் அதன் அடியிலும் ஒன்று. அப்படியும் வலித்தால் நாற்காலி, அதில் வெட்கம் எதற்கு? ஆசனத்தை ஆளுக்குத் தகுந்தபடி மாற்று என்று யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) சொல்லிக்கொடுத்தது இதே சென்னையில்தான்.

15 ஜூன், ஞாயிறு

எண்ணும்போது பெட்டிக்குள் ஒரு 20 டாலர் நோட்டு. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் மாதம், ஆச்சரியமில்லை. ஆனால் சிக்கல். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத இல்லம் அதை வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. நோட்டைப் போட்ட பையனிடமே திருப்பிக் கொடுத்தோம். "இருபது டாலருக்கு இவ்வளவா மாமா?" என்று அந்தப் பையன் சிரித்தான். ஆமாம், இவ்வளவுதான்.

கூடவே வந்த கேள்வி, 80ஜி ரசீது, அதாவது நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கேட்க உதவும் ரசீது. பெட்டியில் போட்டதற்குக் கிடைக்காது. மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டினால் கட்டியவர் பெயருக்கு ரசீது வரும், அது பொய்க் கணக்கு. வரிவிலக்கு வேண்டுகிறவர் நேராக இல்லத்தின் கணக்குக்கே அனுப்பிவிடட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கழிவு இல்லை. பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் இதெல்லாம். பொருளாக வாங்கிக் கொடுத்தாலும் கழிவு கிடையாது.

அதே காரணத்துக்காகத்தான் சுவரில் இல்லத்தின் கியூஆர் அட்டையை மட்டும் ஒட்டியிருக்கிறோம். எங்களில் ஒருவருடைய எண்ணை ஒட்டினால் வீட்டுப் பால் கணக்கும் தர்மக் கணக்கும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு வாரமும் வகுப்புக்கு முன் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டை மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிற வேலை கடைத்தெருவில் நடக்கிறது. இங்கே நடக்க எவ்வளவு நேரம்?

21 ஜூன், சனி

யோகா தினம். 2015இலிருந்து ஆண்டுதோறும் இந்த நாளில் புது முகங்கள் குவிவது வழக்கம். 18 பேர் அறைக்கு 41 பேர். இரண்டு தொகுதியாகப் பிரித்தோம், மிஞ்சியவர்களுக்கு வெளியே நாற்காலிப் பயிற்சி. "சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று போடுவீங்கதானே?" என்று ஒருவர். முதல் நாளே பன்னிரண்டு போட்டால் மணிக்கட்டும் இடுப்பும் மறுநாள் பேசும். மூன்று சுற்று, ஒவ்வொன்றின் நடுவிலும் நின்று மூச்சு வாங்க நேரம். சவாசனம் 7 நிமிடம், முட்டிக்கு அடியில் சுருட்டிய போர்வை, மின்விசிறி இரண்டாம் வேகத்தில்.

ஒரு கடைக்காரர் பேனர் வைத்தால் 5,000 தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாகிவிட்டது. 28 ரூபாய் போடுகிறவர் அந்தப் பேனருக்குக் கீழே படுக்க வேண்டியிருக்கும்.

22 ஜூன், ஞாயிறு

நேற்று வந்த 41 பேரில் இன்று வந்தவர் 6. எதிர்பார்த்ததுதான்.

6 ஜூலை, ஞாயிறு

முதல் டயப்பர் கொள்முதலில் நடந்த பிழை இப்போதுதான் தெரிந்தது. எல்லாமே 'எல்' அளவு, எல்லாமே ஜட்டி மாதிரி ஏற்றுகிற வகை. நடக்கிறவர்களுக்கு அது சரி. படுத்திருப்பவருக்கு இரண்டு காலையும் தூக்கி ஏற்ற வேண்டும், பராமரிக்கிற பெண்ணுக்கு முதுகு போய்விடும். மெலிந்த உடம்புக்கு 'எல்' தொளதொளவென்று இருந்து தொடை இடுக்கில் கசிய, விரிப்பும் நனைகிறது, தோலும் சிவக்கிறது. இனி இடுப்பை டேப்பால் அளந்து, படுத்திருப்பவர்களுக்குப் பக்கவாட்டில் ஒட்டுகிற வகை மட்டும். 9 பேரில் 6 பேருக்கு 'எம்' போதும். பிரிக்காத 4 பாக்கெட்டைக் கடைக்காரர் மாற்றித் தந்தார்.

எண்ணிக்கை எப்போதும் இரண்டு பேர், வகுப்பு முடிந்த உடனே, அறையிலேயே. நோட்டு வாரியாகச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்து, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில். இன்று: 500 ஒன்று, 200 இரண்டு, 100 ஐந்து, 50 ஆறு, 20 ஒன்பது, 10 பதினாறு. மொத்தம் 2,040. செலவு 700 போக 1,340. பத்து ரூபாய் பதினாறில் பதினொன்று நாணயம். கடைகளில் வாங்க மறுக்கிறார்கள் என்று இங்கே கொண்டுவந்து தள்ளிவிடுகிறார்கள் போல. செல்லும் காசுதான், திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடலாம்.