திருவிடைமருதூர் கிழக்கு வாசல்

"கால் நடக்கிறப்பவே ஒரு தடவ திருவிடைமருதூருக்குக் கூட்டிட்டுப் போயிடுடா" என்று அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன தை மாசம்தான் வாய்த்தது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனாலும் நான் எதையாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன். அங்கிருந்து அப்படியே வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால் வழியாக வீடு என்று திட்டம். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை, மகாலிங்கத்தைக் கும்பிட்ட கையோடு மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியும் நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரையும் வாங்கிப் போகிற குடும்பங்கள்தான் அதிகம்.

மகாலிங்க சுவாமி கோயிலுக்குள் கிழக்கு வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும், திரும்பி அதே வழியில் வரக்கூடாது. வரகுண பாண்டியன் கதை அது. வேட்டையாடிவிட்டு இரவில் திரும்பும்போது வழியில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அந்தணர் குதிரையின் காலில் மிதிபட்டு இறந்துபோகிறார். ராஜாவுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் பிரம்மஹத்தி பிடித்துக்கொள்கிறது, எது செய்தும் விடவில்லை. மதுரைச் சொக்கநாதர் திருவிடைமருதூருக்குப் போகச் சொல்கிறார். சோழனைத் துரத்திக்கொண்டு வந்த பாண்டியன் கிழக்கு வாசலில் நுழைந்ததும் ஹத்தி உள்ளே வரமுடியாமல் வெளியிலேயே நின்றுவிட, அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விடுகிறான். அவனுக்காக அது இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்பது நம்பிக்கை. கிழக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு சிலை இருக்கிறது, குறுகி உட்கார்ந்த உருவம். சின்ன வயதில் அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். இந்தத் தடவை பார்த்தபோது, எத்தனை நூற்றாண்டாக ஒரே ஆளுக்காக உட்கார்ந்திருக்கிறது என்று மனசு என்னவோ செய்தது.

அம்மா அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். கைகூப்பும்போது வலது கையில் கிடந்த இரண்டு தங்க வளையலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. அப்பா போனபிறகு அவள் போட்டுக்கொள்கிற நகை அது மட்டும்தான்.

தெரியாமல் செய்தது பாவமாகுமா? வரகுணன் கதையில் எனக்கு எப்போதும் இடறுகிற இடம் இதுதான். பௌத்தத்தைக் கேட்டால், மனசில் எண்ணம் இருந்தால்தான் வினை என்று சொல்லும். எண்ணத்தையே வினை என்றார் புத்தர். அந்தக் கணக்கில் ராஜா தப்பித்துவிடுவான். சமணத்தில் அவ்வளவு சுலபமில்லை. வினை என்பது உயிரின்மேல் நிஜமாகவே வந்து ஒட்டுகிற நுண்ணிய தூசு, கவனக்குறைவாக ஓர் உயிரை வதைத்தாலும் ஒட்டும். திகம்பர முனிவர்கள் மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டு உட்காருவது அதனால்தான். எங்கள் சைவ சித்தாந்தமோ இன்னும் பின்னால் போகிறது. செம்பில் களிம்பு இருக்கிறமாதிரி ஆணவ மலம் என்கிற அழுக்கு உயிரோடு என்றைக்குமே இருக்கிறது, தீவினை மட்டுமில்லை, நல்வினையும்கூடக் கட்டுகிற கயிறுதான் என்கிறது. இதையெல்லாம் நான் அம்மாவிடம் பேசிக்கொண்டே நடந்தேன். வெளிப் பிரகாரத்துக்கு அசுவமேதப் பிரகாரம் என்று பேர், சுற்றி வந்தால் அசுவமேத யாகம் செய்த பலன். பாதிச் சுற்றில் அம்மா மதிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியாம செஞ்சதுக்கே ராஜாவுக்கு இப்படின்னா, தெரிஞ்சே செஞ்சவளுக்கு?" என்றாள்.

அப்புறம் சொன்னாள். 1996-ல் நான் காலேஜில் சேர்ந்தபோது அப்பா தன் தங்கையிடம், என் அத்தையிடம், நாலு பவுன் இரட்டைவடச் சங்கிலியை வாங்கி அடகு வைத்தார். எனக்கு அவ்வளவு தெரியும். மீட்டுக் கொடுத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மீட்கவில்லை. வட்டி ஏறி ஏலத்தில் முழுகிப்போயிருக்கிறது. அத்தை மகளுக்குக் கல்யாணம் கூடிவந்த சமயம் அத்தை இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறாள். அப்பா "பாக்குறேன், பாக்குறேன்" என்றிருக்கிறார். "நான் அடுப்படிக்குள்ளயே நின்னேன். எல்லாம் காதுல விழுது. என் கையில வளையல் இருக்கு. வெளியில வரல." அத்தை வாசல்படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வந்தாளாம்.

அத்தை இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. அந்தச் சங்கிலியில் படித்தவன் நான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தையைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் "ஐயோ, பாவம்" என்றுதான் சொல்வோம். நாம் செய்கிற குற்றத்துக்கும் பாவம், அதனால் கஷ்டப்படுகிறவரைப் பார்த்துச் சொல்வதும் பாவம். இரண்டுக்கும் ஒரே சொல்லை நம்ம பேச்சில் வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கருவறையில் மகாலிங்கத்தின் முன்னால் நின்றபோது நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கற்பூர வெளிச்சத்தில் அந்தப் பெரிய திருமேனியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கண் நிறைந்துவிட்டது. தரிசனம் முடிந்து அம்பாள் சன்னதிப் பக்கமாக வெளியே வந்தோம். விட்டுவிட்டு வந்தாயிற்று என்று அம்மா சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி வெகுநேரம் கழித்து, "ராஜா மொதல்ல செத்துப்போனவர் ஈமக்கடனுக்குப் பொன்னைக் குடுத்துட்டுத்தாண்டா கோயில் கோயிலா அலைஞ்சான்" என்றாள். புராணத்தில் அப்படித்தான் வருகிறது. எத்தனையோ தடவை கேட்ட கதை, அந்த வரியை நான் கவனித்ததே இல்லை.

வேளாங்கண்ணிக்குப் போய்ச்சேர இருட்டிவிட்டது. மறுநாள் காலைத் தமிழ்த் திருப்பலிக்குப் போனோம். வெளியே மணல் பாதையில் முட்டிபோட்டு நகர்கிறவர்கள், கடல் காற்று, மொட்டைத் தலைகள், அதையெல்லாம் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குள் தங்கிவிட்டது பூசையின் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற மன்றாட்டுதான். "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல செய்தேன்" என்று சொல்லி, "என் பாவமே, என் பாவமே" என்று நெஞ்சில் தட்டிக்கொள்கிறார்கள். மனம், வாக்கு, காயம் என்று நாம் சொல்கிற அதே மூன்றுதான், மணிமேகலையும் பத்துக் குற்றங்களை உடம்பில் மூன்று, சொல்லில் நான்கு, உள்ளத்தில் மூன்று என்றுதான் பிரிக்கிறது. ஆனால் இங்கே நாலாவதாக ஒன்று இருக்கிறது. செய்யாமல் விட்டது. அம்மா என் பக்கம் திரும்பி, "கடமையில தவறினதுன்னா சும்மா நின்னதும் சேத்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து அவளும் மெதுவாக நெஞ்சில் கையை வைத்தாள், வளையல் லேசாகச் சத்தம் போட்டது.

நாகூரில் தர்கா வாசலில் பூவும் சர்க்கரையும் விற்கிற ஒரு பெரியவர் அம்மாவுக்கு ஸ்டூல் எடுத்துப்போட்டார். பேச்சு எப்படியோ அங்கேயே வந்துவிட்டது, அம்மா யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலக் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "அல்லாஹ்வுக்குப் பண்ண தப்புக்கு மனசு வருந்தித் தவ்பா செஞ்சா அவன் மன்னிச்சுடுவான்மா. மனுசனுக்குப் பண்ணதுக்கு அந்த மனுசன்கிட்டத்தான் போகணும். அவங்க மவுத்தாகிட்டா வாரிசுகிட்ட." அவர்கள் வீடுகளில் இறந்தவருக்காகச் செய்கிற ஜனாஸா தொழுகையின்போது, இறந்தவர் யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று பிள்ளைகள் எழுந்து நின்று சொல்வார்களாம். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, கொடுக்கல் வாங்கலை முடித்துவிட்டுத்தான் போவார்களாம். தெரியாமல் ஓர் உயிர் போய்விட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை கொடுக்கவேண்டும் என்று குர்ஆனில் இருப்பது எனக்கு நினைவு வந்தது, கூடவே வரகுணனும். பிறக்கிற பிள்ளை ஜென்மப்பாவத்தோடு பிறக்கிறது என்று வேளாங்கண்ணியில் நம்புகிறார்கள். இங்கே கேட்டால் சுத்தமாகப் பிறக்கிறது, ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்கிறார்கள். அப்பாவின் பாவம் எனக்கு வருமா என்பதை நான் இதற்குமேல் யோசிக்க விரும்பவில்லை. கடன் வரும். அப்பாவை எடுத்த அன்றைக்கு நான் அப்படி எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே பாத்திஹா ஓதி வெளியே வந்ததும், "காரைக்கால்ல எறங்குவோம்" என்றாள் அம்மா. அங்கேதான் அத்தை மகள் இருக்கிறாள். என்னைவிட மூத்தவள், அத்தாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளைப் பார்த்து ஆறு வருஷம் இருக்கும்.

கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். "வாங்க அத்தை. வா தம்பி. சாப்ட்டீங்களா?" என்றாள். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், அடுப்படியில் நின்றதையும் சொன்னாள், நான் காதால் கேட்டதைவிட இன்னும் கூடுதலாகவே சொன்னாள். அத்தாச்சி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா சாகுறவரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல அத்தை. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், வர்றவங்க போறவங்ககிட்டல்லாம்."

அம்மா வளையலைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. வயசாகி விரல் முட்டி தடித்துப்போயிருந்தது, இழுக்க இழுக்கத் தோல் சிவந்தது. வேண்டாம் என்று அத்தாச்சி சொல்லவில்லை, கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயடியில் துணி சோப்பைக் குழைத்து, அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களைச் சேர்த்துக் குவித்துப் பிடித்து, மெதுவாக, வலிக்குதா அத்தை, வலிக்குதா என்று கேட்டுக்கேட்டு உருவினாள். ஒன்று கழன்றது. இன்னொன்று முட்டியிலேயே நின்றது. அத்தாச்சி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் சோப்பைத் தடவினாள்.