பூவன் பழத்தில் நடுவரை வெந்த பனானா பிரெட்

கடைசியில் நடுப்பகுதி வெந்துவிட்டது! அடியிலிருந்து மேல்வரை ஒரே நிறம், ஒரே பதம். பனானா பிரெட் சுடுகிறவர்களுக்கு அந்தப் பசைப் பட்டையைத் தெரியாமல் இருக்காது. மேலே அழகாகச் சிவந்திருக்கும், குத்திப் பார்த்த குச்சியும் சுத்தமாக வரும், வெட்டினால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் களி மாதிரி நிற்கும். இந்த முறை அது இல்லவே இல்லை.

முட்டை, எண்ணெய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் வழக்கம்போலத்தான். வித்தியாசம் முழுக்கப் பழத்தில். 'மூன்று பழம்' என்று எழுதுகிற குறிப்புகள் மேல் எனக்குக் கடுங்கோபம். அவை கேவண்டிஷ் வகையை மனதில் வைத்து எழுதப்பட்டவை; உரித்த பழம் ஒன்று சுமார் 115 கிராம் இருக்கும். நம்மூரில் அது மோரிஸ், ரோபஸ்டா. பூவன் அதில் ஏறத்தாழ பாதிதான், நேந்திரமோ வேறு கணக்கு. எண்ணுவதை விட்டுவிட்டு உரித்த பழத்தைத் தராசில் வையுங்கள். 200 கிராம் மைதாவுக்கு 270 கிராம். என் டின்னில் அதற்கு மேல் 50 கிராம் கூடினாலே பட்டை எட்டிப் பார்க்கிறது.

தோல் கறுக்கும்வரை காத்திருக்கச் சொல்வதும் ரோபஸ்டாவுக்கு நம் ஊரில் சரிவராது. சுமார் 24 டிகிரிக்கு மேல் பழுத்தால் தோலின் பச்சையம் முழுதாகப் போவதில்லை. மார்கழி, தை இரவுகளை விட்டால் அந்தக் குளிர் நமக்கு ஏது? தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே கூழாகியிருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். பூவனில் அந்தத் தொல்லை இல்லை. மஞ்சளாகி, புள்ளி விழுந்து, கறுக்கும். அதன் லேசான புளிப்பு ஆப்ப சோடாவுக்கும் தோதாக இருக்கிறது, தனியாகத் தயிர் தேவைப்படவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வழக்கமாக வாங்கும் தள்ளுவண்டி அக்கா கறுத்த உதிரிப் பழங்களை எனக்காக ஒதுக்கி வைக்கிறார். முதலில், "இன்னாமா, நல்ல சீப்பு இருக்கும்போது இதப் போயி எடுக்குற?" என்று கேட்டவர்தான். மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் கொத்தவால் சாவடியிலேயே தார் கணக்கில் எடுத்திருப்பேன். கலவையில் போடும் அக்ரூட்டுக்கு (வால்நட்) இன்னமும் சவுகார்பேட்டைதான். முழுப் பருப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம், உடைசல் போதும்.

மிக்ஸியைத் தொடவே கூடாது. அடித்தால் பழம் நீர்த்துப்போய்க் கலவை ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடுகிறது. முள்கரண்டியால் மசித்தால் சின்னச் சின்னக் கட்டிகள் நிற்கும். வெந்தபின் வாசனையைத் தூக்கிக் கொடுப்பவை அவைதான். கரண்டியில் எடுத்தால் கலவை தொப்பென்று விழ வேண்டும், ஒழுகக் கூடாது.

ஓடிஜியை, அதாவது கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பை, பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னுடையதில் குமிழை 170-இல் வைத்தால் உள்ளே வைத்த வெப்பமானி 190 காட்டுகிறது. மேல் வேகமாகச் சிவந்து, நடு பின்தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தனை விலை வாங்குகிறவர்கள் ஒரு குமிழைச் சரியாகச் செய்யக் கூடாதா? இப்போது 150-இல் வைத்து, கீழ்த்தட்டில் 55 நிமிடம். மேல் சிவந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுகிறேன். குச்சியை நம்புவதில்லை; நடுவில் 96 டிகிரி தாண்டினால்தான் வெளியே எடுப்பேன்.

அடுத்து ரஸ்தாளி. வாசனைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சில பழங்களுக்குள் மசியாத கல் கட்டி இருக்கும், ஒவ்வொன்றாகத் தடவிப் பொறுக்க வேண்டும். கற்பூரவள்ளி என்றால் நாட்டுச்சர்க்கரையை நன்றாகக் குறைத்தாக வேண்டும். அப்புறம் ஓடிஜி இல்லாத என் தங்கைக்காக இதையே குக்கரில், கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு. அதில் மூடியிலிருந்து சொட்டும் நீரை என்ன செய்வது என்பதுதான் இப்போதைய யோசனை. மூடிக்கு உள்பக்கம் ஒரு துணியைக் கட்டிப் பார்க்கப் போகிறேன்.