கை உதறும் பிள்ளைகள்

ஆட்டிசம் உள்ள குழந்தை கையை உதறினால் போதும், பிடித்து அடக்கப் பத்துப் பேர் வந்துவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் தவில் காதைப் பிளக்கும்போது அந்தக் குழந்தையின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

1964இலேயே பிரிட்டனில் கோரின் ஹட்டும் சக ஆய்வாளர்களும் மூளையின் மின்அலைப் பதிவுகளை வைத்து ஒரு கருத்தைச் சொன்னார்கள்: இக்குழந்தைகளின் உடல் ஓயாத கிளர்ச்சி நிலையில், அதாவது எப்போதும் உச்ச விழிப்பில், இருக்கிறது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் அதோடு தொடர்புடையவை. பின்னால் வந்த இதயத்துடிப்பு அளவீடுகள் அதற்கு அவ்வளவு எளிதில் ஒத்துப்போகவில்லை. அதே அசைவு ஒரு குழந்தைக்குப் பதற்றம். இன்னொரு குழந்தைக்கு மந்தமான உடலை எழுப்பும் வழி. லிஃப்ட் கதவு திறந்ததும் குதிக்கும் என் அக்கா மகனுக்கோ அது சுத்தமான கொண்டாட்டம்!

தலையைச் சுவரில் மோதினால், கையைக் கடித்தால் தடுக்கத்தான் வேண்டும். காதுவலியா, பல்வலியா என்றும் பார்க்க வேண்டும். வெறும் கை உதறலுக்கு எதற்கு அதட்டல்? பக்கத்து நாற்காலிக்காரர் முறைக்கிறார் என்பதற்காகவா?

தெரபிஸ்டிடம் போகும்போது, அசைவுக்கு முன் என்ன நடந்தது, சத்தமா, பசியா, பிறகு பிள்ளை அடங்கியதா என்று எழுதிக்கொண்டு போங்கள். “இதை எப்படி நிறுத்துவது” என்ற கேள்வியைவிட அந்தக் குறிப்பு அவருக்கு அதிகம் உதவும்.