உறைக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு

ஆஸ்கர் மேடையில் வெற்றியாளரின் பெயரை ஒட்டிய உறைக்குள் வைத்துக் கொண்டுவருவது ஏன்? நண்பர்களோடு சேர்ந்து அந்த விழாவைப் பார்க்கும் ஒவ்வோர் ஆண்டும் நான் முதலில் கேட்கும் வினா இதுதான். எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை வினாவாகவே கருதுவதில்லை. இரகசியம் காக்கத்தானே உறை, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். ஆனால் அந்த உறைக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. அதைச் சொன்ன பிறகு, அன்றைய இரவு முழுவதும் திரையில் உறை தோன்றும்போதெல்லாம் அவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் எதிர்பார்ப்பு என்று எதுவும் இல்லை. யாருக்கு விருது என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது; விருந்துக்குப் பின் பதினைந்து நிமிடங்களில் விருதுகளைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் முடிவுகளை விழா நாள்வரை மறைத்து வைத்தார்கள் என்றாலும், மறுநாள் காலைப் பதிப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று, இரவு 11 மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்தித்தாள்களுக்குப் பட்டியலை முன்கூட்டியே தந்து வந்தார்கள். 1940ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் தன் மாலைப் பதிப்பிலேயே அந்தப் பட்டியலை அச்சிட்டுவிட்டது. விழாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள், தாங்கள் வென்றோமா தோற்றோமா என்பதை வழியிலேயே காசு கொடுத்து வாங்கிப் படிக்க முடிந்தது. ஒட்டிய உறை வந்தது அடுத்த ஆண்டு, 1941இல்.

எங்கள் கூட்டம் ஒன்பது பேரைக் கொண்டது. அவர்களில் ஒருவர் ஆடிட்டர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் தன் தாயையும் உடன் அழைத்து வருபவர். அந்த அம்மா திரைப்படங்களை அதிகம் பார்த்தவர் அல்லர், ஆனால் விழாவைக் கண் இமைக்காமல் பார்ப்பவர். வினாக்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. தொடக்கத்தில் நான் செய்தது எளிய வேலை: யாருக்கு எத்தனை விருது, எந்தப் படம் எந்த ஆண்டு என்று ஐம்பது வினாக்களை எழுதிக்கொண்டு போய், விளம்பர இடைவேளைகளில் வரிசையாகக் கேட்டேன். நினைவாற்றல் மிக்க இருவர் மட்டும் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய இரவு எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது, ஏனென்றால் எனக்கு இவ்வளவு பிடித்த ஒன்றை நானே பிறருக்குத் தேர்வுத்தாளாக மாற்றிவிட்டேன்.

அதன்பின் முறையை மாற்றினேன். ஒரு பிரிவின் விருது அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன் அந்தப் பிரிவைப் பற்றி ஒரே ஒரு வினா. அதன் பதிலை மனப்பாடத்தால் மட்டுமன்றி யோசித்தும் எட்ட முடிய வேண்டும். பதிலைக் கேட்டவுடன், அடுத்து மேடையில் நடக்கப்போவதை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்ற வேண்டும். இந்த இரண்டையும் நிறைவு செய்யாத வினாவை, அது எவ்வளவு அரிய தகவலாக இருந்தாலும், நான் தாளிலிருந்து அடித்துவிடுகிறேன்.

இப்படி வினா எழுதத் தொடங்கிய பிறகே, துணுக்குச் செய்திகளில் எத்தனை பொய் கலந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. ஓர் ஆண்டு, 1993இல் துணை நடிகைக்கான விருது மரிசா டோமேக்குத் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது, மேடையில் ஜாக் பாலன்ஸ் உறையில் இல்லாத பெயரை வாசித்துவிட்டார் என்ற கதையை உண்மையென்று நம்பி வினாவாகவே வைத்தேன். ஆடிட்டர் நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குகளை எண்ணிய தணிக்கையாளர்கள் எல்லா முடிவுகளையும் மனப்பாடமாக அறிந்துகொண்டு மேடையின் பக்கவாட்டிலேயே நிற்கும்போது, தவறான பெயரைக் கேட்டுக்கொண்டு அவர்கள் எப்படிச் சும்மா இருந்திருப்பார்கள் என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அந்த வதந்திக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதைப் பின்னர் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன்; சிறந்த நடிப்புக்காக ஒருவர் முறையாகப் பெற்ற பரிசை ஐயத்துக்குரியதாக்கும் கதையை நானும் பரப்பினேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

நண்பரின் வாதம் எவ்வளவு சரி என்பதை 2017 பிப்ரவரி 26 அன்று நாங்கள் அனைவரும் ஒன்றாக இருந்தே கண்டோம். சிறந்த படத்தை அறிவிக்க வாரன் பேட்டியும் ஃபே டனவேயும் வந்தார்கள். பேட்டி அட்டையை எடுத்தார், பார்த்தார், உறைக்குள் வேறு ஏதேனும் இருக்கிறதா என்று தேடினார். நாங்கள் அதை நாடகம் என்று நினைத்தோம். அட்டையை அவர் டனவேயிடம் காட்ட, அவர் ‘லா லா லேண்ட்’ என்று வாசித்தார். தயாரிப்பாளர்கள் மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதே, காதில் கருவி பொருத்திய ஒருவர் அவர்களுக்கிடையே புகுந்து எதையோ சரிபார்ப்பதைக் கண்டு ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகிவிட்டது. ஆனாலும் தவறு திருத்தப்பட்டது. ‘லா லா லேண்ட்’ படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜோர்டன் ஹொரோவிட்ஸ், வென்றது ‘மூன்லைட்’ என்று அறிவித்து, சரியான அட்டையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். கையில் இருந்த வெற்றியைத் தானே முன்வந்து மற்றவருக்குக் கொடுத்த அந்த மனிதரின் முகத்தை என்னால் மறக்க முடியாது.

அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பது இப்போது எங்கள் நிலையான வினாக்களில் ஒன்று. பெரும்பாலோர் அட்டையை மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்றுதான் யோசிக்கிறார்கள். உண்மையில் அன்று ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு உறைகள் இருந்தன. மேடையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு தணிக்கையாளர் ஒரு முழுத் தொகுப்போடு நின்றார், விருது வழங்குபவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாரோ அந்தப் பக்கத்து உறை கொடுக்கப்பட்டது. சிறந்த நடிகைக்கான உறை ஒரு பக்கத்தில் பயன்பட்டுவிட்டபோதும், அதன் இணை உறை மறுபக்கத்தில் பிரிக்கப்படாமல் இருந்தது. பேட்டியின் கைக்குப் போனது அதுதான். உள்ளே எம்மா ஸ்டோனின் பெயரும் ‘லா லா லேண்ட்’ என்ற படப்பெயரும் இருந்தன. எந்தப் பிரிவுக்கான அட்டை என்பது அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பிழை நேராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இரட்டித்து வைத்த ஏற்பாடு பிழைக்கு வழி வகுத்ததை, ஆடிட்டர் நண்பர் தன் தொழிலுக்கான பாடமாகவே எடுத்துக்கொண்டார்.

வாக்கு எண்ணிக்கையைப் பற்றிய வினாக்களுக்கும் அவரே காவலர். 1932இல் சிறந்த நடிகர் விருது ஃபிரெட்ரிக் மார்ச், வாலஸ் பீரி இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது; ஆனால் இருவரும் ஒரே எண்ணிக்கையில் வாக்குப் பெறவில்லை. மார்ச் ஒரு வாக்கு அதிகம் பெற்றிருந்தார். மூன்று வாக்குகளுக்குள் வேறுபாடு இருந்தால் சமம் என்று கொள்வது அன்றைய விதி. அந்த விதி பின்னர் நீக்கப்பட்டது. எனவே 1969இல் இங்க்ரிட் பெர்க்மன் உறையைப் பிரித்துவிட்டு இருவருக்கும் சமம் என்று வியந்து அறிவித்தபோது, கேத்தரின் ஹெப்பர்னும் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் உண்மையாகவே ஒரே எண்ணிக்கையில் நின்றார்கள். ஹெப்பர்ன் அன்று அரங்கில் இல்லை. நடிப்புக்காக நான்கு ஆஸ்கர் பெற்ற அவர், அவற்றில் ஒன்றைக்கூட நேரில் வந்து வாங்கியதில்லை.

சிறந்த படத்துக்கான வாக்குமுறை மட்டும் வேறானது என்பதை வாயால் விளக்கிப் பயனில்லை என்று கண்டு, ஓர் ஆண்டு அதை நடத்தியே பார்த்தோம். 2010 விழாவிலிருந்து அந்தப் பிரிவில் உறுப்பினர்கள் படங்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். முதலிட வாக்குகள் பாதியைத் தாண்டவில்லையென்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அதற்கு முதலிடம் தந்தவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த வாக்குகளை மாற்றுகிறார்கள். ஒன்பது பேரும் சீட்டுகளை எழுதிக் கொடுத்தோம். நான்கு பேர் ஒரு படத்துக்கும், மூன்று பேர் இன்னொன்றுக்கும், இருவர் மூன்றாவதற்கும் முதலிடம் தந்திருந்தார்கள். மூன்றாவது படம் நீங்கியது. அதை விரும்பிய இருவருமே இரண்டாவது படத்தைத்தான் தங்கள் அடுத்த விருப்பமாக எழுதியிருந்தார்கள். நான்குக்கு ஐந்து என்று முடிவு புரண்டது. முதலில் முன்னணியில் நின்ற படத்தை நேசித்த ஆசிரியைக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒரு சிலரால் மிக ஆழமாக நேசிக்கப்படும் படத்தைவிடப் பலரும் ஏற்றுக்கொள்ளும் படம் வெல்வதே இம்முறையின் இயல்பு என்று ஆடிட்டர் சொல்ல, அப்படியானால் பெயரைச் சிறந்த படம் என்று வைக்கக் கூடாது என்று அவர் மறுத்தார். அந்த விவாதத்தில் இரண்டு விருதுகளின் அறிவிப்பைத் தவறவிட்டோம். நான் ஆசிரியையின் பக்கம்.

பதினொரு விருதுகள் பெற்ற மூன்று படங்கள் எவை, போர்க்காலத்தில் சிலைகளை எதனால் செய்தார்கள் போன்றவற்றை இப்போது இடைவெளி நிரப்பவே வைத்திருக்கிறேன். ‘பென்-ஹர்’, ‘டைட்டானிக்’, ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ என்பதும், வண்ணம் பூசிய பாரிஸ் சாந்து என்பதும் தெரிந்தவர்க்குத் தெரியும். வால்ட் டிஸ்னிக்கு ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள் என்பது மட்டும் எத்தனை முறை கேட்டாலும் மகிழ்ச்சி தருகிறது.

தமிழில் புழங்கும் ஆஸ்கர் துணுக்குகளில் நான் விடாமல் திருத்தும் பிழை ஒன்று உண்டு. ‘தெய்வமகன்’, ‘நாயகன்’, ‘விசாரணை’ ஆகியவை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவை என்று எழுதுகிறார்கள். அவை இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படங்கள். அயல்மொழிப் படங்களுக்கான பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை அனுப்பலாம். வந்தவற்றிலிருந்து, ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாதெமி தேர்ந்தெடுக்கும் ஐந்தே பரிந்துரை பெற்றவை. ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ ஆகியவை அந்த எல்லையை எட்டின. அனுப்பப்பட்டதே பெருமைதான், இல்லாத பெருமையைச் சேர்க்கும்போது இருக்கும் பெருமையும் நம்பப்படாமல் போகிறது.

ஆஸ்கர் வென்ற முதல் இந்தியர் யார் என்ற வினாவுக்கும் இதே கதிதான். பலர் ஏ.ஆர். ரஹ்மான் என்கிறார்கள். 2009 பிப்ரவரி 22 அன்று அவர் இரண்டு சிலைகளைப் பெற்று, ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்னதைக் கேட்ட காதுகளுக்கு வேறு பெயர் தோன்றாதது இயல்பே. சிலர் சத்யஜித் ராய் என்கிறார்கள். 1992இல் கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் ஏற்றுக்கொண்டது கௌரவ விருது. சரியான பதில் பானு அத்தையா. ‘காந்தி’ படத்தின் ஆடை வடிவமைப்புக்காக, ஜான் மோலோவுடன் இணைந்து 1983இல் அவர் அதைப் பெற்றார்.

இந்த வினாவை நான் ஆடை வடிவமைப்புப் பிரிவுக்கு முன் கேட்டபோது, நண்பரின் அம்மா பதிலைக் கவனமாகக் கேட்டுவிட்டு, அந்தச் சிலை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளாக வினா எழுதிவந்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. தேடிப் படித்தேன். தன் காலத்துக்குப் பின் அது பாதுகாப்பாக இருக்குமோ என்ற கவலையில், 2012இல் பானு அத்தையா தன் சிலையை அகாதெமியிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டார். 2020இல் அவர் காலமானார்.

பதிலைச் சொன்னதும் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அதைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். திரையில் ஆடை வடிவமைப்புக்கான உறை பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் மௌனமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.