புது பிக்கப்பில் ஏறும் ஆயில்

புது டீசல் பிக்கப் எடுத்து மூணு மாதம்கூட ஆகியிருக்காது. மீட்டரில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு எரியும், வண்டி இழுவை விட்டுவிடும். சர்வீஸுக்கு விட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டியில ஃபால்ட் இல்ல சார், நீங்க ஓட்டுற விதம் அப்படி." பெங்களூர் கலாசிப்பாளையத்தில் லோடு ஏற்றி சிவாஜிநகரில் இறக்குகிறவர் இரண்டாம் கியரில் ஊராமல் வேறு எப்படி ஓட்டுவார்? "சிட்டி லோடுக்குன்னே செஞ்ச வண்டி" என்று சொல்லி விற்றதும் இதே ஆட்கள்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் புகைபோகும் வழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அதுதான் டிபிஎஃப். சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காகப் பல வண்டிகளில் எஞ்சின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். பாதியில் வண்டியை அணைத்தால் கரி அப்படியே நிற்கும், அடுத்த முறை மறுபடி தெளிக்கும். இப்படித் தெளித்ததில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். டீசல் கலந்திருந்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். விரலில் தேய்த்தால் பிசுக்கு இருக்காது, டீசல் வாடை அடிக்கும். "ஆயில் குறையவே இல்ல, நல்ல எஞ்சின்" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு! நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

விளக்கு முதலில் எரிந்த அன்றே நைஸ் ரோடு மாதிரி நிற்காமல் போகிற சாலையில், ஒரு கியர் குறைத்து, 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அதைச் செய்யாதீர்கள். சர்வீஸில் ஸ்கேனர் போட்டு வண்டியை நிறுத்திவைத்துத்தான் கரியை எரிக்க வேண்டும். அப்படி எரித்தும் இருநூறு கிலோமீட்டரில் திரும்ப அடைத்தால் டிரைவர் மேல் பழி போட இடமில்லை. பிரஷர் சென்சார், அதற்குப் போகும் சின்னக் குழாய், ஒழுகும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு, டர்போ ஹோஸில் விரிசல் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வீஸில் எழுதும் ஜாப் கார்டில் வெறும் "டிபிஎஃப் செக்" என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கிலோமீட்டர், ஆயில் மட்டம், ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடு, கரி அளவு எல்லாம் அதில் ஏற வேண்டும். கன்னடமோ ஆங்கிலமோ, எழுத்தில் இருந்தால் போதும். "நார்மல்தான்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா அங்கேதான் தயங்கும்.

கம்பெனி மசியாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்பதுதான் கம்பெனி வக்கீல் எடுக்கும் முதல் ஆயுதம். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக வாங்கியதென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களை நுகர்வோர் என்றே சொல்கிறது. அந்த வரியை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பழுதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்தைக் கேட்கலாம்.